இல்லீங்க என்றால் இல்லை

எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்தால் உப்பு இல்லை என்று சொல்ல மாட்டோம். நிறைந்திருக்கிறது என்போம். விளக்கை அணைப்பதில்லை, அமர்த்துவோம். வாசலில் நின்று போகிறேன் என்று யாரும் சொன்னதில்லை. போய்விட்டு வருகிறேன்தான், திரும்பி வரும் எண்ணமே இல்லாவிட்டாலும். இப்படி ஒரு சொல்லைத் தொடாமல் சுற்றிச் சுற்றி நடந்தே வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லை வெறுங்கையால் எடுத்து என் முன்னால் வைத்த முதல் ஆள் அவர்.

இர்விங்கில் எங்கள் அபார்ட்மென்டுக்கு நேர் மேலே குடியிருந்தார். நாங்கள் அமெரிக்கா வந்த புதிது. தயிருக்கு உறை மோர் கேட்டுக் கிண்ணத்தோடு படியேறினேன். டெக்சாஸ் வெயிலில் இரும்புக் கைப்பிடி தோசைக்கல்லாகச் சுட்டது. கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. முன்னந்தலையில் நரை. கைகள் மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியவை போல வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"இல்லீங்க அம்மிணி" என்றார்.

அவருக்குப் பின்னால் சமையல் மேடையில் மோர்க் கிண்ணம் எனக்கே தெரிந்தது. அதை நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"அது மோருதான். ஆனா செத்துப்போச்சு. ஊருக்குப் போயிட்டு வந்தேன், பிரிட்ஜுலயே கெடந்துருச்சு. குடுத்தா உங்க பாலும் வீணாப் போகும். உசுரு இருந்தாக் குடுக்க மாட்டனா?"

கதவு சாத்தப்பட்டது. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. கீழே வந்து கணவரிடம் சொன்னேன். "மோருக்கு டெத் சர்டிபிகேட் குடுக்கறாங்களா? சூப்பர் லேடி" என்று சிரித்தார். இரண்டு நாள் கழித்து அவரே இறங்கி வந்தார், கையில் மூடிய கிண்ணம். உடன் வேலை செய்யும் குஜராத்திப் பெண்ணிடம் வாங்கினாராம். "இது உசுரோட இருக்குதுங்க. நான் பாலுல ஊத்தி வெச்சுப் பாத்துப்போட்டுத்தான் கொண்டாந்தேன்."

அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா. எங்கள் குடியிருப்புக்குக் கிட்னி அக்கா. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கிட்னி ஆன்ட்டி. என் கணவருக்கு மட்டும் மேடம்.

என்ன வேலை என்று யார் கேட்டாலும் "தொவைக்கற வேலைங்க" என்பார். விளையாட்டுக்குச் சொல்வதாக எல்லோரும் சிரிப்பார்கள். அது விளையாட்டே இல்லை. ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவர் செய்தது அதைத்தான். இறைச்சிக்கூடத்திலிருந்து பன்றியின் சிறுநீரகம் வரும். அதன் தமனியில் மெல்லிய குழாயைச் செருகிச் சோப்புத் தண்ணீரை மிக மெதுவாக, நாள்கணக்கில் உள்ளே ஓடவிடுவார். செல்கள் கரைந்து கரைந்து வெளியேறும். ஈரல் நிறமாக இருந்தது மாதுளை நிறமாகும், பிறகு பன்னீர் ரோஜா, பிறகு வெறும் வெளிறல். கடைசியில் தோலுரித்த நுங்கு போல, விளக்கைப் பின்னால் வைத்தால் வெளிச்சம் கசிகிற ஒன்று மிஞ்சும். வடிவம் மாறியிருக்காது. ரத்தம் ஓடிய வழியெல்லாம் அப்படியே இருக்கும், புத்தகத்தில் வைத்து மறந்த அரசிலை பச்சையெல்லாம் போய் நரம்பு மட்டுமாகக் கிடைக்குமே, அப்படி. அந்த வெறும் சட்டகத்தில் நோயாளியின் செல்களையே வளர்த்து ஊற்றி நிரப்பினால், உடம்பு அதை அந்நியம் என்று விரட்டாது. அவருடைய கூடத்தின் கனவு அது. அவருடைய கனவு என்று சொல்ல எனக்குத் தயக்கம். அவர் கனவு காண்பவர் போலப் பேசி நான் கேட்டதில்லை.

ஒருமுறை நான் உற்சாகத்தில், "அப்ப, காலி வீட்ல ஆளுங்களைக் குடி வெக்கற மாதிரி, இல்லக்கா?" என்றேன். உவமை கிடைத்துவிட்ட மகிழ்ச்சி எனக்கு.

"இல்லீங்க" என்றார். "வூட்டுல ஆரு வேணாலும் எந்த ரூம்ல வேணாலும் படுத்துக்கலாம். இதுல வடிகட்டறவன் வடிகட்டற எடத்துல, உறிஞ்சறவன் உறிஞ்சற எடத்துல போய் நிக்கோணும். எடம் மாறுனா ஒன்னுக்கும் ஆகாது. பாதிப்பேரு வழியிலயே செத்துப் போறான். நீங்க எழுதறவங்க, உங்களுக்கு ஒப்பிட்டுச் சொல்ல ஒன்னு கெடைச்சாப் போதும். எனக்கு அது வேலை செய்யோணுமே."

அவரிடம் பேசிவிட்டுக் கீழே இறங்கும்போதெல்லாம், நன்றாகக் காய்ந்த துணியை உதறி மடித்தது போல இருப்பேன். கொஞ்சம் சுருக்கம் போயிருக்கும். கொஞ்சம் சூடும் இருக்கும்.

அவருடைய இல்லைகள் பல வகை. புதிதாக வீடு வாங்கியவர் "எப்படிக்கா நம்ம வீடு?" என்று கேட்டால், "வெளிச்சம் நல்லாருக்குங்க. சமையக்கட்டுல காத்து இல்ல" என்பார். என் புதுப் புடவையைப் பார்த்து, "நெறம் அருமைங்க அம்மிணி. உங்களுக்கு இல்ல" என்றார். நான் எழுதியதை ஒருநாள் படித்துக்காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நடுவுல ஒரு எடத்துல உசுரு இருந்துச்சு. அக்கட்டயும் இக்கட்டயும் இல்ல" என்று மூடிய கண்ணோடே சொன்னார். அந்த நடு இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்தேன். இன்றைக்கும் அதுதான் நான் எழுதியவற்றில் வெட்கமில்லாமல் படிக்கக்கூடியது.

ஆனால் நம் ஆட்களிடம் அவருடைய இல்லை செல்லுபடியாவதில்லை. பக்கத்து ஊரான காப்பெலில் ஒரு கிரகப்பிரவேசப் பந்தியில் அது எனக்குப் புரிந்தது. பாயசம் இரண்டாம் முறை வந்தது. அக்கா கப்பின் மேல் கையை வைத்து, "போதுங்க" என்றார்.

"அட, கூச்சப்படாதீங்கக்கா!"

"கூச்சமில்லீங்க. வயிறு ரொம்பிருச்சு."

"நம்ம வீட்ல என்ன பார்மாலிட்டி!" என்று வீட்டுக்காரம்மா அவர் கையை அன்போடு நகர்த்திவிட்டு ஊற்றினார். அக்கா என்னைப் பார்த்தார். ஒரு மொழியை முழுக்கக் கற்றுக்கொண்டு வந்த ஊரில் அந்த மொழியை யாருமே பேசவில்லை என்று தெரிந்தவரின் பார்வை அது. பிறகு கண்ணில் நீர் முட்ட அந்தப் பாயசத்தைக் குடித்தார். வீணாக்க அவரால் முடியாது.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய சிறுநீரகங்கள் கெட்டுக்கொண்டிருந்தன. யாரும் கவனிக்காத ரத்த அழுத்தம், வருடக்கணக்கில், சத்தமில்லாமல் தின்றிருந்தது. முதலில் மாத்திரை. பிறகு கையில் ஒரு சின்ன அறுவை. டயாலிசிஸ் ஊசி போடத் தோதாகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் ரீங்கரிக்கும், தீப்பெட்டிக்குள் பொன்வண்டு போல. அக்கா அதைத் தொட்டுப் பார்த்த அன்று வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. "ஓட்டம் நல்லாருக்குதுங்க தம்பி" என்றார். அவர் வாயிலிருந்து கலப்பில்லாத ஒரு 'நல்லாருக்குது' வந்தது அபூர்வம். என் கணவர் அதைப் பரிசுக் கோப்பை மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் சென்னைக்காரர். எதையும் கிண்டலாக்கித்தான் விழுங்குவார். ஃப்ரீவே ஓரத்தில், நெயில் சலூனுக்கும் வரிக் கணக்கு போட்டுத்தரும் கடைக்கும் நடுவில் இருந்த டயாலிசிஸ் சென்டரை "என் செகண்ட் ஆபீஸ்" என்பார். அங்கிருந்து வரும்போது முகம் பிழிந்த எலுமிச்சையாக இருக்கும். அப்போதும் மேல் மாடியைப் பார்த்து, "மேடம், என்னுது எந்த அடுப்புல வேகுது?" என்று குரல் கொடுப்பார்.

"தம்பி, அதெல்லாம் இல்லீங்க."

"பன்னியோடதாமே? நான் சுத்த சைவம். ஆனா பரவால்ல, பெருமாளே பன்னியா வந்திருக்கார். எனக்கென்ன வந்தது, வராக அவதாரம்னு மாட்டிக்கறேன்."

அக்கா சிரித்துவிடுவார். அவர் சிரித்ததை இவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வருடப் பொங்கல் விழா ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. கோலம், கரும்பு, மைக் சத்தம், வரிசையில் நிற்கும் அலுமினியத் தட்டுகளில் சக்கரைப் பொங்கல். திடீரென்று அறிவிப்பாளர், "நம்ம ஊரு தமிழச்சி, லேப்ல கிட்னி செஞ்சு சாதனை படைச்சவங்க" என்று அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார். யாரோ தோளைத் தள்ள, யாரோ பொன்னாடை போர்த்த, அக்கா பன்னாடைக்குள் சிக்கிய குருவி போல மேடையில் நின்றார். மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"நான் கிட்னி செய்யலீங்க" என்றார். "கழுவி வெச்சிருக்கேன். அவ்வளவுதான். அது இன்னும் ஒரு நாளும் ஆருக்கும் வேலை செய்யல. தயவுபண்ணி அப்படிச் சொல்லாதீங்க."

அரங்கத்தில் கைதட்டல் இடி போல எழுந்தது. "என்னா அடக்கம், பாருங்க!" என்று அறிவிப்பாளர் நெகிழ்ந்துபோனார். "நிறைகுடம்ங்க, நிறைகுடம்!"

எல்லோரையும்விட உரக்கத் தட்டியவர் என் கணவர், ஊசி குத்திக் கறுத்த கையால். எங்கள் மகள் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, ஷீ செட் நோ. ஒய் இஸ் எவரிபடி கிளாப்பிங்?"

"பெரியவங்க அப்படித்தான்டா சொல்லுவாங்க. உனக்குப் புரியாது."

அவளுக்குத்தான் புரிந்திருந்தது. அந்த மண்டபம் முழுக்கத் தமிழ் தெரிந்தவர்கள். சொன்னதைச் சொன்னபடி கேட்டவள், தமிழில் பதில் சொல்ல வராத அவள் ஒருத்தி.

நான் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன், அதற்கடுத்து நடந்தது இல்லாவிட்டால். என்னுடைய சிறுநீரகம் என் கணவருக்குப் பொருந்தியது. எல்லாப் பரிசோதனைகளும் முடிந்திருந்தன. மருத்துவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: அவருடைய இதயம் இப்போதைக்கு அறுவையைத் தாங்கும்; டயாலிசிஸிலேயே காலம் தள்ளினால் பிறகு தாங்கும் என்று சொல்ல முடியாது. நான் தேதிக்காகக் காத்திருந்தேன். ஒருநாள் மருத்துவமனையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் பெண் என்னை அழைத்து, உங்கள் கணவர் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டாரே, உங்களுக்குத் தெரியும்தானே, என்று தயக்கமாகக் கேட்டாள்.

எனக்குத் தெரியாது.

"எதுக்கு உன்னை அறுக்கணும்?" என்றார் அவர். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, வெகு இயல்பாக. "ரெண்டு மூணு வருஷத்துல மேடமோடது வந்துரும். அதுவரைக்கும் டயாலிசிஸ்ல ஓட்டிக்கறேன்."

"அக்காதான் இல்லன்னு சொல்றாங்களே!"

"அவங்க எதைத்தான் இருக்குன்னு சொல்லியிருக்காங்க? அவங்க ஸ்டைல் அது."

நான் படியேறிப் போனேன். அக்கா பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். குடியிருப்பு விதிகளுக்கு எதிரானது, பலமுறை எச்சரிக்கை வந்தும் நிறுத்தவில்லை. நான் சொன்னதைக் கேட்டு அவர் கையிலிருந்த ஈரத்துண்டு அப்படியே நின்றது. தண்ணீர் சொட்டிச் சொட்டி அவர் பாதத்தில் விழுந்தது.

"என்னைய நம்பியா உங்களுத வேண்டாம்னாரு?"

"ஆமாக்கா."

அவர் துண்டைக் கொடியில் போடவில்லை. மறுபடி வாளியிலேயே போட்டார். "இத்தன வருசம் இல்ல இல்லன்னு சொன்னனே அம்மிணி. ஒருத்தர் காதுலயும் ஏறலயா?" அது கோபமாகத் தொடங்கி, நடுவில் உடைந்து, கடைசிச் சொல்லுக்கு வரும்போது கிட்டத்தட்ட ஒரு குழந்தையின் குரலாக இருந்தது.

முறைப்படி அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். என் கணவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்தார். பெண் பார்க்கப் போகிறவர் போல.

கண்ணாடி ஜாடிக்குள் அது தொங்கியது. சோப்பெல்லாம் அலசி முடித்த வெள்ளைச் சிறுநீரகம். பம்ப் ஒன்று மெல்லத் துடிக்க, அதுவும் கொஞ்சம் அசைந்தது, தூங்குகிறவரின் விலா அசைவது போல. நான் பார்த்தவற்றுள் அவ்வளவு சுத்தமான ஒன்று இல்லை. எதையோ முழுவதுமாக மன்னித்துவிட்டது போல இருந்தது. என் கணவர் கண்ணாடிக்கு அருகில் போய் நின்றார். கிண்டல் எதுவும் வரவில்லை.

"அழகா இருக்கு மேடம்" என்றார் கடைசியில்.

"அழகாத்தான் இருக்கு. உள்ளுக்குள்ள ஒருத்தரும் இல்ல. இப்ப ஆளுங்கள வெச்சது எப்படி இருந்துச்சுன்னு காட்டறேன். இங்க வாங்க."

கணினியில் ஒரு பதிவை ஓடவிட்டார். செல்களை ஊற்றி வாரக்கணக்கில் வளர்த்த ஒன்று. அதற்குள் முதல்முறையாகப் பன்றி ரத்தம் விடுகிறார்கள். வெள்ளைக்குள் சிவப்பு கிளை கிளையாகப் பரவியது. எங்கும் சிவந்து, உயிருள்ளது போலவே ஆனது. கீழே ஒரு மெல்லிய குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டது, விழுந்தது.

"வந்துருச்சு!" என்று என் கணவர் கத்தியேவிட்டார். "மேடம், வந்துருச்சு!"

"பாத்துட்டே இருங்க."

இன்னொரு துளி திரளத் தொடங்கி அப்படியே நின்றது. சிவப்பு ஓரிடத்தில் கறுத்தது. கறுப்பு, மையூறுவது போலப் படர்ந்தது. பதிவுக்குள் யாரோ பம்பை நிறுத்தும் சத்தம். ரத்தக் குழாயின் உள்சுவரில் ஓர் இடம் செல் ஒட்டாமல் மொட்டையாக விட்டுப்போனாலும் ரத்தம் அங்கே உறைந்துவிடும், ஒன்று உறைந்தால் அதன் பின்னால் எல்லாம் அடைத்துக்கொள்ளும் என்று அக்கா சொன்னார்.

"அப்புறம்?" என்றார் என் கணவர்.

"அப்புறம் இல்ல."

"அடுத்த தடவை?"

"அடுத்த தடவையும் இப்படித்தான் ஆச்சு. அதுக்கடுத்த தடவை கொஞ்சம் லேட்டா ஆச்சு. அந்தக் கொஞ்சம் லேட்டுக்குத்தான் நான் இங்க வேலை பாக்கறேன்."

என் கணவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு பழைய புன்னகையை எங்கிருந்தோ தேடி எடுத்து, "நீங்க ரொம்ப அடக்கமா பேசறீங்க மேடம். எனக்குத் தெரியும், நீங்க—"

அக்கா மேசையில் ஓங்கி அடித்தார். ஜாடியின் தண்ணீர் நடுங்கியது.

"அடக்கமா? தோத்துட்டு இருக்கறனுங்க தம்பி நான். வருசக்கணக்கா, தினந்தினம். என்ற தோல்வியக் கண்ணால காட்டறேன், அடக்கம்ங்கறீங்க. எனக்கு அடக்கமெல்லாம் தெரியாது. இது ஒரு நாளைக்கு வரும். வராதுன்னு நெனைச்சா நான் ஏன் இதப் புடிச்சுத் தொங்கறேன்? ஆருக்கோ வரும். அவுங்க இன்னும் பொறக்கக்கூட இல்லையோ என்னமோ. உங்களுக்கு வராது. உங்களுக்குன்னு ஒன்னு இருக்குது, அது இந்த ஜாடிக்குள்ள இல்ல. இதோ, உங்க பக்கத்துல நிக்குது."

பம்ப் துடித்துக்கொண்டிருந்தது. என் கணவர் என்னைப் பார்க்காமல் வெளியே நடந்தார். அக்கா விளக்குகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன், சோப்பு தின்று மரத்துப்போன அந்தத் தோல், தொட்டால் பழைய காகிதம்.

காரை நான் ஓட்டினேன். ஃப்ரீவேயில் ஏறி வெகுதூரம் வரை என் கணவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். விளக்குக் கம்பிகளில் கறுப்புப் பறவைகள் அடைந்துகொண்டிருந்தன.

"பயமா இருக்குடி" என்றார்.

"ஆபரேஷன்னாலயா?"

"என்னை அறுக்கறதுக்கு இல்ல. நல்லா இருக்கற உன்னைப் போய் டேபிள்ல படுக்க வெச்சு… உனக்கு ஏதாவது ஆச்சுன்னா? நம்ம பொண்ணு? அதான் அவங்க லேபைப் பிடிச்சுட்டேன். அது வந்துருச்சுன்னா உன்னைக் கேக்க வேண்டாமே."

அப்படியானால் இத்தனை நாள் அவர் அக்காவை நம்பவேயில்லை. நம்பிக்கையின் சட்டையைப் பயத்துக்கு மாட்டி வைத்திருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வண்டி ஓட்டும்போது இரண்டும் கூடாது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். "ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே போவோம். பயப்படாம போகணும்னு ரூல் எதுவும் இல்ல."

திங்கட்கிழமை அவரே மருத்துவமனைக்குப் போன் செய்தார்.

ஆனால் அக்காவிடம் மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டார். படியில் எதிரே வந்தால் கைப்பேசியைப் பார்ப்பார். மேல் மாடியை நோக்கிக் குரல் கொடுப்பது நின்றது. உண்மையைச் சொன்னவர் மீது நமக்கு வருகிற கோபம் இருக்கிறதே, பொய் சொன்னவர் மீதுகூட அவ்வளவு நாள் நீடிக்காது. நான் மன்னிப்புக் கேட்டபோது அக்கா கையை ஆட்டினார். "இருக்கட்டும் விடுங்க. கோவத்துல இருக்கற மனுசன் முடிவெடுப்பான். ஆசையில இருக்கறவன் காத்துட்டே இருப்பான்."

அக்கா இப்போது டெக்சாஸில் இல்லை. கூடத்துக்கு வந்த நிதி நின்றுபோக, கலிபோர்னியாவில் டப்ளின் பக்கம் வேறொரு கூடத்துக்கு மாறிப்போனார். அங்கேயும் துவைக்கிற வேலைதான் என்று கேள்வி. நாங்களும் காப்பெலுக்கு வீடு மாறினோம். கொஞ்ச காலம் பேசிக்கொண்டிருந்தோம், பிறகு பண்டிகைக்கு மட்டும், பிறகு அதுவும் இல்லை. சமீபத்தில் யாரோ, செயற்கைச் சிறுநீரகம் வந்துவிட்டதாமே என்று ஒரு வீடியோவை அனுப்பினார்கள். நான் திறக்கவில்லை. வந்திருந்தால் அது வேலை செய்கிறதா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய ஒருவரை எனக்குத் தெரியும்; அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

அறுவைக்கு மறுநாளுக்கு வருகிறேன்.

என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து என் கணவரின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இடது விலாவுக்குக் கீழே யாரோ கொதிக்கும் கரண்டியை வைத்து மறந்துவிட்டது போல வலி. அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். பல வருடமாக நான் பார்க்காத ஒரு நிறம் அவர் உதட்டில் வந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம், அசடுகள் போல.

கதவு தட்டப்பட்டது. மாஸ்க்குக்கு மேலே அக்காவின் கண்கள். பழம், பூ எதுவும் அந்த வார்டில் கூடாதென்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு வெறுங்கையோடு வந்திருந்தார். என் கணவர் சட்டென்று நிமிரப் பார்த்து வலியில் முனகினார். மாதக்கணக்கில் பேசாத மனிதர்.

"மேடம்… அன்னிக்கு நான் உங்ககிட்ட—"

அக்கா அவரைக் கவனிக்கவேயில்லை. கட்டிலின் பக்கவாட்டில் சிறுநீர்ப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதை நோக்கி நடந்தார். முட்டி மடக்கித் தரையில் உட்கார்ந்து, முகத்தை அதன் அருகே கொண்டுபோனார்.

என் கணவர் வெட்கத்தில் போர்வையை இழுத்துக் குழாயை மூடப் பார்த்தார். "ஐயோ மேடம், அதைப் போய்…"

"செத்த சும்மா இருங்க தம்பி. நான் உங்களப் பாக்க வரல."

குழாயில் ஒரு துளி ஓடி வந்து விழுந்தது. உடனே இன்னொன்று. அதன் பின்னாலேயே இன்னொன்று, இடைவெளியே இல்லாமல், தெளிந்த மஞ்சளாக. நேற்றுக் காலை வரை என் உடம்பில் எனக்கே தெரியாமல் கிடந்தது, அறியாத ஓர் உடம்பில் கொண்டுபோய்த் தைத்துவைத்த கொஞ்ச நேரத்திலேயே தன் வேலையைத் தொடங்கியிருந்தது. அக்காவின் மாஸ்க் நனைவதை நான் பார்த்தேன்.

"பம்ப் இல்ல, ஒன்னும் இல்ல" என்றார், யாருக்கோ சொல்வது போல. "எத்தன அலட்சியமாப் பண்ணுது பாருங்க அம்மிணி."

நர்ஸ் அளவெடுத்துக்கொண்டு பையைக் காலிசெய்ய உள்ளே வந்தாள். அக்கா திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினார்.

"ஒன் மினிட், ப்ளீஸ்."

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, அளவுக் குவளையை மார்போடு அணைத்தபடி கதவருகிலேயே நின்றாள். என் கணவர் போர்வையை மெல்ல விலக்கிவிட்டார்.